நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள்

“டம்ளரைக் கைப்பிடி மேல வைக்காதம்மா, இந்த ஸ்டூல்ல வை” என்றேன். மாடி வீட்டுப் பெண் சட்டென்று கையை இழுத்துக்கொண்டாள். ஊரில் பாகம் பிரித்தபோது அவள் பங்குக்கு வந்தது தாத்தாவின் பிரம்பு நாற்காலி. பாத்திரங்களுக்கும் பீரோவுக்கும் போட்டி இருந்ததாம், இதை மட்டும் யாரும் கேட்கவில்லையாம். வேனிலிருந்து இறங்கியதும் நேரே என் வராந்தாவுக்குக் கொண்டுவந்துவிட்டாள். இருக்கை குழி விழுந்து தூளி மாதிரித் தொங்கியது. பின்னலின் கண்ணெல்லாம் தூசி அடைத்திருந்தது. பக்கத்தில் போனால் பரண் நாற்றம்.

“அங்கிள், பாத்ரூம்ல வச்சு சோப்புத்தூள் போட்டு, ராத்திரி பூரா ஊறவச்சுக் கழுவிடட்டுமா?”

ஒரு டம்ளர் டீக்குள் பதில் சொல்லி முடிக்கிற கேள்வி இல்லை அது. இரண்டாவது டம்ளரும் ஆயிற்று. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

துணியையோ வாளியையோ தேடும் முன்னால், நாற்காலியைக் கவிழ்த்துப் போடுங்கள். நாங்களும் அதைத்தான் செய்தோம். இருக்கையின் மேல்பக்கம், அழுக்கேறியிருந்தாலும், விரலுக்கு வழவழவென்று இருந்தது. அடிப்பக்கமோ மங்கலாக, சொரசொரவென்று, நார் நாராக. மேலே இருப்பதும் கீழே இருப்பதும் ஒரே இழைதான். அந்த இழைக்கு இரண்டு முகம். இது மனதில் பதிந்துவிட்டால் எங்கே தண்ணீர் படலாம், எங்கே எண்ணெய் தடவலாம், எதைத் தொடக்கூடாது என்பதெல்லாம் தானாகப் புரிந்துவிடும்.

பிரம்பை மூங்கிலுக்குத் தம்பி என்று நினைத்திருப்பவர்கள் அநேகம். மூங்கில் புல் சாதி. பிரம்போ பனையும் தென்னையும் பிறந்த குடும்பத்தைச் சேர்ந்தது. பனையைப் போல நிமிர்ந்து நிற்கும் தெம்பு இல்லாததால், முள்ளை மாட்டி மாட்டிப் பக்கத்து மரங்களின் மேல் ஏறிப்போகும் கொடி அது. காட்டில் சில வகைகள் நூறு மீட்டரையும் தாண்டி நீளும். எல்லாமாகச் சுமார் 600 வகை உண்டு என்பார்கள். 1753இல் லின்னேயஸ் ‘கலாமஸ் ரோட்டாங்’ என்று பெயர் வைத்த வகை நம் தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் வளர்வது. அந்த ‘ரோட்டாங்’ மலாய்க்காரர்களின் ‘ரோத்தான்’ என்ற சொல். நமக்கோ பிரம்பு என்றதும் நாற்காலிக்கு முன்னால் வாத்தியார் கைதான் ஞாபகம் வரும். பிட்டுக்கு மண் சுமக்க வந்த சொக்கநாதர் முதுகில் பாண்டியன் போட்ட அடியும் பிரம்படிதான்; அதை ஆவணி மூலத்தில் மதுரை இன்றும் திருவிழாவாகக் கொண்டாடுகிறது.

மூங்கிலின் உள்ளே கூடு. பிரம்பின் உள்ளே கெட்டி. ஆனால் அந்தக் கெட்டி வெறும் கெட்டி இல்லை. வேரிலிருந்து உச்சிவரை தண்ணீரை ஏற்றிக்கொண்டு போன நுண்ணிய குழாய்கள் நீளவாக்கில் ஓடுகின்றன. தோல் சீவிய பிரம்புக் குச்சி ஒரு சாண் எடுத்து, ஒரு முனையைத் தண்ணீரில் வைத்து மறுமுனையில் வாய் வைத்து ஊதிப் பாருங்கள், குமிழி வரும். கடைகளில் வாசனை எண்ணெய்ப் புட்டிக்குள் ஐந்தாறு குச்சிகளைச் செருகி வைத்திருப்பார்களே, அவற்றிலும் பெரும்பாலானவை பிரம்பின் உள்தண்டுதான். எண்ணெயை உறிஞ்சி மேலே ஏற்றும் வேலைக்கு அதைவிடத் தோதான குச்சி இல்லை. இப்படி உறிஞ்சும் ஒரு பொருளை ராத்திரி முழுக்க சோப்புத் தண்ணீரில் போட்டால் என்ன ஆகும்? அழுக்கு வெளியே வருவதற்குப் பதில் அழுக்குத் தண்ணீர் உள்ளே போய்விடும். வெளியே காய்ந்து உள்ளே ஈரமாக நாலு நாள் கிடக்கும். பூஞ்சணத்துக்கு வேறென்ன வேண்டும்?

இனி தோல். பிரம்பின் புறத்தோலில் சிலிக்கா இருக்கிறது. மணலில் இருக்கும் அதே சரக்கு. அந்தப் பளபளப்பு அதனால் வருவது. தண்ணீர் அதில் சுலபமாக இறங்காது, சாயம் பிடிக்காது, பெயின்ட் அடித்தால் கொஞ்ச நாளில் செதில் செதிலாக உரியும். நாற்காலி இருக்கையில் வலை மாதிரிப் பின்னியிருப்பது இந்தத் தோலைச் சீவி எடுத்த பட்டை. கால்களும் சட்டமும் முழுப் பிரம்பு. கூடை மாதிரி நெருக்கமாகப் பின்னிய முதுகும் பக்கவாட்டும் பெரும்பாலும் தோல் நீக்கிய உள்தண்டுக் குச்சிகள். ஆகவே ஒரே நாற்காலியில் தண்ணீருக்கு அஞ்சாத பாகமும் உண்டு, தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும் பாகமும் உண்டு.

ஒரு எச்சரிக்கை. பிரம்பு மாதிரி இருப்பதெல்லாம் பிரம்பு இல்லை. இப்போது ஹோட்டல் தோட்டங்களில் கிடப்பவை பெரும்பாலும் பிளாஸ்டிக். இழை முழுக்க ஒரே கனம், ஒரே நிறம், கணு அடையாளமே இருக்காது. அதை ஹோஸ் பைப்பால் அடித்துக் கழுவினாலும் ஒன்றும் ஆகாது. காகிதத்தை முறுக்கிக் கயிறாக்கிப் பின்னியதும் உண்டு. 1917இல் அமெரிக்காவில் லாய்ட் என்பவர் கண்ட வழி. வெளிநாட்டிலிருந்து யாராவது கொண்டுவந்த பழைய நாற்காலியின் இழை பிரிந்து காகிதம் எட்டிப்பார்த்தால் தண்ணீரைக் கிட்டேயே கொண்டுபோகாதீர்கள். மாடிப்பெண்ணின் தாத்தா நாற்காலியில் கணு தெரிந்தது. அசல்.

சரி, சுத்தம் செய்வதற்கு வருவோம். அவசரப்படுகிறவர்கள் தவறுவது இங்கேதான்: தூசியை எடுக்கும் முன் ஈரத்துணியால் துடைத்துவிடுகிறார்கள். உலர்ந்த தூசி ஊதினால் போகும். நனைந்த தூசி சேறு. பின்னலின் இடுக்கில் போய்க் காய்ந்தால் சிமென்ட் மாதிரி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே முதல் நாள் தண்ணீரே வேண்டாம். சுவருக்கு அடிக்கும் பழைய பெயின்ட் பிரஷ், மென்மையானது, ஒன்று போதும். நாற்காலியை வெளியே வைத்து, மேலிருந்து கீழாக, பிறகு கவிழ்த்து அடியிலிருந்தும் தட்டுங்கள். அடிப்பக்கத்திலிருந்து தட்டும்போது வருகிற தூசியைப் பார்த்தால் இத்தனை நாள் இதன் மேலா உட்கார்ந்திருந்தோம் என்று இருக்கும். வேக்குவம் கிளீனர் இருந்தால் பிரஷ் முனையைப் போட்டு இழுங்கள். கணுவிலும் மூலையிலும் பழைய டூத் பிரஷ். இந்தப் பெண் மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு அரை மணி நேரம் தட்டினாள். நாற்காலியின் நிறமே ஒரு படி மாறிவிட்டது.

அடுத்து துடைப்பது. வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு லிட்டருக்குப் பாத்திரம் தேய்க்கும் திரவம் ஒரு சிறு கரண்டி. பூந்திக்கொட்டை ஊறவைத்த நீர் கிடைத்தால் இன்னும் நல்லது. பட்டுப்புடவைக்கு எது ஆகுமோ அது பிரம்புக்கும் ஆகும். சோப்புத்தூள் வேண்டாம், காரம் அதிகம். துணியை நனைத்து முறுக்கிப் பிழியுங்கள், சொட்டக்கூடாது. இழை ஓடும் வாக்கில் துடைக்கவேண்டும். குறுக்கே தேய்த்தால் சிம்பு எழும்பும். பிறகு வெறும் தண்ணீரில் பிழிந்த இன்னொரு துணி. சோப்பு தங்கினால் அது திரும்பவும் தூசியைப் பிடிக்கும். ஒரு பக்கம் முடித்து அடுத்த பக்கம் போங்கள். எல்லாவற்றையும் ஒரே மூச்சில் நனைத்துவிட்டு மூச்சு வாங்க உட்காராதீர்கள், முக்கியமாக அந்த நாற்காலியில். நனைந்த பிரம்பு வளையும். அப்போது மேலே உட்கார்ந்தால் உங்கள் அச்சு அப்படியே பதிந்து காயும்.

காயவைப்பதிலும் நம் ஊர் வெயில் கூடுதல் உதவி செய்துவிடும். காலை ஒன்பது மணிக்குள் இளவெயில், பிறகு நிழலும் காற்றும். உச்சி வெயிலில் மொட்டை மாடியில் வைத்தால் வெளிப்பக்கம் முந்திக் காய்ந்து சுருங்கும், உட்பக்கம் ஈரத்தில் ஊதியிருக்கும், நடுவில் விரிசல் விடும். ஃபேன் காற்றில் முழுசாக ஒரு நாள், மழைக்காலமானால் இரண்டு நாள்.

குழி விழுந்த இருக்கையைப் பற்றித்தான் அவளுக்குக் கவலை. “இது போச்சுதானே அங்கிள்? அறுத்துட்டு பிளாஸ்டிக் வயர் பின்னிடலாம்னு அம்மா சொல்றாங்க.” போகவில்லை. இழை அறுந்திருந்தால் வேறு பேச்சு. அறாமல் தொய்ந்திருந்தால் தண்ணீரே மருந்து. பின்னுகிறவர் பட்டையை ஊறவைத்து, ஈரமாக இருக்கும்போதே இழுத்துப் பின்னுகிறார். காயும்போது அது சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைக்கிறது. வருஷக்கணக்காக நாம் உட்கார்ந்து உட்கார்ந்து அந்த விறைப்பு தளர்ந்துபோகிறது. அதே வித்தையை இன்னொரு முறை செய்துகாட்டினால் பட்டை திரும்பவும் இறுகும். ஆனால் மேல்பக்கமாகத் தண்ணீர் ஊற்றிப் பயனில்லை, சிலிக்காத் தோல் அதை உள்ளே விடாது. அதனால்தான் கவிழ்க்கச் சொன்னேன். பழைய டவலைக் கொதிக்கிற வெந்நீரில் முக்கி, கிடுக்கியால் எடுத்து, கை தாங்கும் சூட்டுக்கு வந்ததும் பிழிந்து, கவிழ்த்த இருக்கையின் அடிப்பக்கத்தில் விரியுங்கள். ஆறிப்போனால் மறுபடி நனைத்து விரிக்கவேண்டும். இருபது முப்பது நிமிஷத்தில் பட்டை தோல் செருப்பு வார் மாதிரி இளகியிருக்கும். டவலை எடுத்துவிட்டு நாற்காலியை நிமிர்த்தி, காற்றில் விட்டுவிடுங்கள். ஒரு முழு நாள் யாரும் உட்காரக்கூடாது. பேரன், பூனை உள்பட.

மறுநாள் காலையில் தட்டிப் பார்த்தால் டங்கென்று சத்தம் வரும். எல்லாக் குழியும் முழுதாக நிமிரும் என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் மிச்சமிருந்தால் இன்னொரு முறை. இரண்டு முறைக்கும் அசையாவிட்டால் பட்டை ஆயுள் முடிந்தது என்று அர்த்தம்.

இதில் ஒன்று பார்த்துக்கொள்ள வேண்டும். சட்டத்தில் ஓட்டை ஓட்டையாகப் போட்டுக் கையால் பின்னிய இருக்கைக்குத்தான் இவ்வளவு தாராளம். சட்டத்தைச் சுற்றி ஒரு பள்ளம் வெட்டி, தயாராகப் பின்னிவரும் வலையை அதில் அமுக்கி, மேலே ஒரு பிரம்புக் கயிற்றைப் பசை போட்டு இறுக்கியிருந்தால், ஓரத்தை நனைக்காமல் நடுவை மட்டும் நனையுங்கள். பசை விட்டுப்போனால் வலை மொத்தமும் கையோடு வந்துவிடும்.

நாற்றம் பெரும்பாலும் தூசி போனதுமே பாதி போய்விடும். மீதிக்குச் சமையல் சோடாவைத் தூவி ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் பிரஷ்ஷால் தட்டிவிடலாம். பூஞ்சணம் இருந்தால், ஐப்பசி கார்த்திகை தாண்டிய வீடுகளில் இல்லாமல் இருக்காது, முதலில் அதை வெளியே கொண்டுபோய் உலர்ந்த பிரஷ்ஷால் எடுங்கள். வீட்டுக்குள் தட்டினால் அறை முழுக்க விதைத்த மாதிரி. பிறகு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, துணியில் தொட்டுத் துடைத்து, இளவெயில் காட்டுங்கள். பிளீச்சிங் பக்கம் போகாதீர்கள். கறுப்பு போகும், கூடவே நாரின் வலுவும் போகும், வயசேறிய அந்தத் தேன் நிறமும் போய்விடும். அந்த நிறத்துக்குக் காத்திருந்த வருஷங்களை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பூச்சி விஷயத்துக்கு வருகிறேன். பழைய சினிமா கொட்டகைக்கும் அரசாங்க ஆபீசுக்கும் போய்வந்த தலைமுறைக்குப் பிரம்பு நாற்காலி என்றதும் மூட்டைப்பூச்சிதான் நினைவு. பட்டை நுழையும் ஓட்டைகள் அதற்கென்றே கட்டிக்கொடுத்த அறைகள். நாற்காலியைத் தூக்கித் தரையில் டம்மென்று போட்டு, உதிர்வதை மிதிப்பது அந்தக் காலத்து ஞாயிற்றுக்கிழமை வேலை. கொதிநீர் ஊற்றுவார்கள், மண்ணெண்ணெய் விடுவார்கள். கொதிநீருக்கு மூட்டை சாகும், பாலிஷும் சாகும். மண்ணெண்ணெய் விட்டதில் நாற்றமும் தீ பயமும்தான் மிச்சம். இப்போது துணிகளுக்கு நீராவி விடும் கருவி வந்துவிட்டது. ஓட்டை ஓட்டையாக மெதுவாக நீராவியைக் காட்டுவது எவ்வளவோ தேவலை.

மூட்டையைவிடப் பொல்லாதது உளுக்கிற வண்டு. நாற்காலிக்குக் கீழே மைதா மாவு மாதிரி நைசான பொடி, காலில் குண்டூசி குத்திய மாதிரி ஓட்டைகள். பிரம்பிலும் மூங்கிலிலும் இருக்கும் மாவுச்சத்தைத் தின்ன வருகிற ஜீவன் அது. ஓட்டை பழசாக இருக்கலாம், வண்டு எப்போதோ போயிருக்கலாம். ஆகவே முதலில் நன்றாகத் தட்டித் துடைத்துவிட்டு, அடியில் கறுப்புத் துணியை விரித்து ஒரு வாரம் விடுங்கள். புதுப் பொடி விழுந்தால் உள்ளே குடித்தனம் நடக்கிறது. வெண்காரத்தை வெந்நீரில் கரைத்து, பாலிஷ் இல்லாத அடிப்பக்கத்திலும் வெட்டு முனைகளிலும் பிரஷ்ஷால் தடவலாம். பாலிஷ் போட்ட இடத்தில் அது உள்ளே இறங்காது. குழந்தைகள் கைக்கு எட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சிறிய கூடை, தட்டு என்றால் பாலிதீன் பையில் காற்றுப் போகாமல் கட்டி ஃப்ரீசரில் இரண்டு வாரம் வைத்துவிடலாம். நாற்காலிக்கு எங்கே போவது? கால் முழுக்க உளுத்துப்போயிருந்தால், தாத்தாவே உட்கார்ந்த நாற்காலியானாலும், அதை மற்ற மரச்சாமான்களிடமிருந்து விலக்கி வைக்கத்தான் வேண்டும்.

எண்ணெய். இதில் எனக்குச் சொந்த அனுபவம் உண்டு. கல்யாணமான புதிதில், மாமனார் வீட்டிலிருந்து வந்த பிரம்பு சோபாவுக்குத் தேங்காய் எண்ணெய் தடவினேன். தலைமுடிக்கு ஆகிறது, இதற்கு ஆகாதா என்ற கணக்கு. அன்றைக்குப் பளபளவென்றுதான் இருந்தது. மறுநாள் அத்தை வந்து உட்கார்ந்தார், மாம்பழக் கலர் பட்டுப்புடவையில். எழுந்தபோது புடவையின் பின்பக்கம் முழுக்கப் பின்னல் கோலம். அத்தை இன்றைக்கும் எங்கள் வீட்டில் பிளாஸ்டிக் நாற்காலியைத்தான் கேட்டு வாங்கி உட்காருகிறார்.

தேங்காய் எண்ணெய் காயாது, அதுதான் விஷயம். எத்தனை மாதமானாலும் எண்ணெயாகவே இருந்து தூசியையும் எறும்பையும் கூப்பிடும். நல்லெண்ணெய் இன்னும் மோசம். அரைகுறையாகக் காய்ந்து பிசுபிசுக்கும். ஆளிவிதை எண்ணெய் வேறு ரகம். அது காற்றிலுள்ள ஆக்சிஜனைப் பிடித்துக்கொண்டு, மெல்லிய படலமாகக் கெட்டிப்படும். பெயின்ட் கடையில் ‘டபுள் பாயில்ட் லின்சீட்’ என்று கேளுங்கள். சரிபாதி டர்பன்டைன் கலந்து, துணியில் தொட்டு, பொலிவிழந்த உள்தண்டுப் பின்னலிலும் அடிப்பக்கத்திலும் மட்டும் மிக மெல்லிசாகத் தடவி, கால் மணி கழித்து மிச்சத்தை முழுக்கத் துடைத்துவிடுங்கள். அதிகம் தடவினால் ஈரக்காற்றுள்ள ஊர்களில் அந்த எண்ணெயே பூஞ்சணத்துக்குச் சோறு.

துடைத்த துணியைக் கசக்கி மூலையில் எறியாதீர்கள். இது வேடிக்கைக்குச் சொல்வதில்லை. காயும்போது ஆளிவிதை எண்ணெய் சூட்டை வெளிவிடும். சுருட்டிப் போட்ட துணிக்குள் அந்தச் சூடு தேங்கித் தானாகவே தீப்பிடித்துக்கொள்ளும். வெளியே கொடியில் விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் வாளியில் போட்டுவிடுங்கள்.

பழைய நாற்காலிகளின் பாலிஷ் அநேகமாக அரக்கு. அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்துப் பஞ்சுப் பொதியால் தேய்த்துத் தேய்த்து ஏற்றுவது. சோதித்துப் பார்க்க, கண்ணுக்குத் தெரியாத இடத்தில் ஸ்பிரிட் தொட்ட பஞ்சை வையுங்கள். ஒட்டிக்கொண்டு பழுப்பாகக் கரைந்து வந்தால் அரக்குதான். அரக்குக்குச் சூடும் ஈரமும் ஆகாது. நான் டம்ளரை ஸ்டூலுக்கு மாற்றச் சொன்னது அதற்காக. சூடான டம்ளர் வைத்த இடத்தில் வெள்ளையாக ஒரு வளையம் விழும். விழுந்துவிட்டால், ஸ்பிரிட் தொட்டும் தொடாமலும் இருக்கும் துணியால் ஒரே வீச்சாக, நிற்காமல் தடவிவிட்டால் பெரும்பாலும் மறைந்துபோகும். நின்றால் பாலிஷ் கையோடு வரும்.

ஏசி அறையில் வைக்கப்போவதாக அவள் சொன்னாள். ஏசியின் காற்று நேரே படாத மூலையாகப் பாருங்கள். ஈரம் முழுக்கப் போன பிரம்பு முறுகிய அப்பளம் மாதிரி உடையும். உட்காரும்போது கிறீச்சென்று சத்தம் அதிகமாகிக்கொண்டே போனால் அது தாகத்தில் இருக்கிறது. மாதத்துக்கு ஒருமுறை, கவிழ்த்து, அடியில் கொஞ்சம் தண்ணீர் தெளித்தால் போதும்.

கால் மூட்டுகளில் சுற்றிய பட்டை பிரிந்திருந்தால் அதை வெட்டி எறியாதீர்கள். பிரித்து, நனைத்து, திரும்ப இறுக்கிச் சுற்றி, முனையைப் பசை தொட்டு உள்ளே செருகி, காயும்வரை நூலால் கட்டிவையுங்கள். அறுந்த இருக்கைக்கு மட்டும் கை தேர்ந்தவர் வேண்டும். முன்பெல்லாம் பார்வையற்றோர் பள்ளிகளில் நாற்காலி பின்னுவதைத் தொழிலாகச் சொல்லிக்கொடுத்தார்கள். அரசாங்க அலுவலகங்களின் பிரம்பு இருக்கைகளைப் பின்னியவர்களில் அவர்கள் பலர். நெட்டிழை, குறுக்கிழை, பிறகு இரண்டு மூலைவிட்டம் என்று அடுக்கி எண்கோணக் கண் விழவைக்கும் அந்தக் கணக்கு விரல் நுனியிலேயே இருக்கும். இப்போது சீர்காழியிலிருந்து சிதம்பரம் போகும் வழியில், கொள்ளிடத்துக்குப் பக்கத்தில் தைக்கால் என்ற ஊரில், சாலையோரக் கடைகளில் பிரம்புச் சாமான்களைத் தொங்கவிட்டிருப்பார்கள். அந்தப் பக்கம் போனால் வண்டியை நிறுத்திப் பட்டை கேட்டுப் பாருங்கள்.

புதுப் பட்டை வெளிறி இருக்கும், பழைய தேன் நிறத்துக்கு நடுவில் பல் கட்டின மாதிரித் தெரியும். அதற்கும் வழி கேட்டாள். அவள் கையிலிருந்த காலி டம்ளரைக் காட்டினேன். டீ போட்ட சக்கையைக் கொட்டாமல் இன்னொரு முறை நன்றாகக் கொதிக்கவைத்து, அந்தக் கெட்டி டிகாக்‌ஷன் ஆறியதும் பட்டையை ஒரு ராத்திரி ஊறப்போடவேண்டும். தோல் பக்கம் கொஞ்சமாகத்தான் பிடிக்கும், அடிப்பக்கம் நன்றாகவே பிடிக்கும். பால் கலக்காத டீயாக இருக்கவேண்டும்.

“அப்ப நாளைலேர்ந்து எங்க வீட்டுச் சக்கையையும் எடுத்து வைக்கிறேன் அங்கிள்” என்று சொல்லிவிட்டு, நாற்காலியைக் கவிழ்த்தபடியே தலையில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினாள்.